பென்சில் காட்டிக்கொடுத்த கொலைகாரன்

நான் புதிதாக ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் என் கணவர் "நல்லா இருக்கா?" என்று கேட்பதில்லை. "என்ன மாதிரிப் புத்தகம்?" என்றுதான் கேட்பார். அதற்கேற்ப அவர் தற்காப்பு ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பேய்க்கதை என்றால் கட்டிலில் சுவரோரத்தை எனக்கு விட்டுக்கொடுப்பார். தன்னம்பிக்கை நூல் என்றால் அலாரத்தை ஒளித்துவைப்பார். மருத்துவம் என்றால் பேச்சே கிடையாது, பிடுங்கி வைத்துவிடுவார்.

'டிராகுலா' படித்த வாரத்தை அவர் மறக்க மாட்டார். 1897-இல் வந்த நாவல் அது. முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி என்றே நகரும். பகலில் படித்தபோது, ரத்தக்காட்டேரியின் கோட்டையில் மாட்டிக்கொண்ட மனுஷனுக்கு உட்கார்ந்து டைரி எழுத எப்படித்தான் மனசு வந்ததோ என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன். ராத்திரி பன்னிரண்டரைக்குக் கிண்டல் போன இடம் தெரியவில்லை. பாத்ரூம் போக வேண்டும். அறை விளக்கு, கூடத்து விளக்கு, பாத்ரூம் விளக்கு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போய்விட்டேன். திரும்பும்போதுதான் சிக்கல். ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தால் இருட்டு முதுகுக்குப் பின்னாலேயே வருகிறது! அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து படுத்துக்கொண்டேன். காலையில் வீடு முழுக்க விளக்கெரிவதைப் பார்த்தும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அட்டைப்படம் தெரியாமல் கவிழ்த்து, மேலே அகராதியை வைத்து அமுக்கியிருந்த புத்தகத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

மருத்துவப் புத்தகத்தால் கெட்டது நான் மட்டுமில்லை. ஜெரோம் கே. ஜெரோம் 1889-இல் எழுதிய நகைச்சுவை நாவலில், கதைசொல்லி பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு மருத்துவ நூலைப் புரட்டுவார். அதிலுள்ள நோய்களில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தனக்கு இருப்பதாக முடிவுகட்டுவார். அவருக்கு வாய்க்காதது ஒரு முழங்கால் நோய் மட்டும்தான். நான் படித்தது இதயத்தைப் பற்றி. இரண்டாம் அத்தியாயத்திலேயே மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ண ஆரம்பித்துவிட்டேன். முதல் தடவை 80. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினால் 96. மூன்றாம் தடவை 110. அடித்துப் பிடித்து டாக்டரிடம் போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, "எண்றதை நிறுத்துங்க, சரியாயிடும்" என்றார்.

தன்னம்பிக்கை நூல்கள் என்னிடம் மூன்று நாள் தாங்கும். கவிதைத் தொகுப்பு படித்தால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வீட்டில் தலைவலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரஷ்ய நாவல் வேறு கதை. அங்கே ஒரே ஆளுக்குச் சொந்தப் பெயர், அப்பா பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர், போதாததற்குச் செல்லப் பெயர் வேறு. யார் எதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது அவரவர் உறவைப் பொறுத்தது. ஒரு நாவலில் இரண்டு பேரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இவ்வளவு நல்லவர்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூட நேரில் சந்தித்துக்கொள்ளவில்லையே என்று நூற்றைம்பது பக்கம் ஏங்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டும் ஒரே ஆள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் மானத்தை வாங்கியது துப்பறியும் நாவல்தான். அதை எழுதுகிறவர்களை நான் நம்புவதே கிடையாது. 1893-இல் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் விழவைத்துக் கதையை முடித்த கோனன் டாயல், 1903-இல் அவரை உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினாரே! அதனால் முதல் அத்தியாயத்திலிருந்தே எல்லாரையும் சந்தேகப்படுவேன், செத்தவர் உட்பட.

போன வாரம் அலமாரியின் அடித்தட்டைத் துடைத்தபோது பழுப்பேறிய துப்பறியும் நாவல் ஒன்று கிடைத்தது. எப்போதோ பழைய புத்தகமாக வாங்கிப் படிக்காமல் போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு, துடைக்கிற துணியைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜோராகப் போனது. 43-ஆம் பக்கத்தில் குடும்ப வக்கீல் உள்ளே வந்து குடையை மடக்குகிறார். ஓரத்தில் பென்சிலில், "இவன்தான் கொலைகாரன்!" அடியில் இரண்டு கோடு வேறு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரப்பரை எடுத்தவள், வீட்டில் காட்டச் சாட்சி வேண்டுமே என்று அழிக்காமல் விட்டேன். அதற்குப் பிறகு வக்கீல் தும்மினால்கூடத் திருட்டுத் தும்மலாகத்தான் கேட்டது. சாயங்காலம் எல்லாரும் வந்ததும் ஆரம்பித்தேன். அடுத்தவர் வாசிப்பில் மண்ணைப் போடுகிற இந்த ஜென்மம் யாராக இருக்கும், படித்த ஆள் செய்கிற வேலையா இது, கையை உடைக்க வேண்டாமா என்று கால் மணி நேரம் பொரிந்து தள்ளினேன்.

மகள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, 'ன்' மேல புள்ளிக்குப் பதிலா குட்டி முட்டை போடுறது நீதானே?"

"உலகத்துல நான் ஒருத்தியா போடுறேன்?"

அவள் எழுந்து போய், காலையில் நான் கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பிய்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். "மோட்டாரை நிறுத்தவும்." 'ட்' தலையில் ஒரு முட்டை, 'ம்' தலையில் ஒரு முட்டை. புத்தகத்தில் 'ன்' தலையிலெல்லாம் அச்சு அசலாக அதே முட்டை. கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "கையை உடைக்கணும்னு சொன்னே இல்லே?"

அன்று ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு மிச்சத்தைப் படித்து முடித்தேன். கொலை செய்தது வக்கீல் இல்லை, கதையில் வரும் பாட்டியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். கடைசிப் பக்கத்தின் அடியிலும் அதே பென்சில் இருந்தது: "வக்கீல் இல்லையாம். நல்லா ஏமாந்தேன்." பக்கத்தில் தேதி, பதினான்கு வருஷத்துக்கு முந்தையது.

பென்சிலைத் தேடி எடுத்து, அதற்குக் கீழே "மறுபடியும்" என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டேன். இந்தத் தடவை 'ம்' மேல் ஒழுங்காகப் புள்ளிதான் வைத்திருக்கிறேன்.