135 திறந்திருந்தும் போகாத ரெப்ளிகேஷன்

4 மார்ச் 2024

புதுக் கிளைக்கான டொமைன் கன்ட்ரோலரை, அதாவது பயனர் கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் வைத்திருக்கும் சர்வரை (விண்டோஸ் சர்வர் 2019), தலைமை அலுவலகத்திலேயே தயார் செய்து அனுப்பியிருந்தோம். அங்கே மாட்டியதிலிருந்து ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரில் செய்த மாற்றம் மற்றதற்கும் போய்ச் சேர்வது) நடக்கவில்லை. அதைச் சோதிக்கும் ரெப்அட்மின் கட்டளையை ஓட்டினால் இரண்டு பக்கமும் பிழை 1722, அதாவது ஆர்பிசி (ஒரு கணினி இன்னொன்றிடம் வேலை கேட்கும் முறை) சர்வரை எட்ட முடியவில்லை. பிங் போகிறது, டிஎன்எஸ் சரி. ஆர்பிசியின் போர்ட் 135 பற்றி ஃபயர்வால் பார்ப்பவரைக் கேட்டால், "135 திறந்துதான் சார் இருக்கு" என்கிறார். அது உண்மைதான்.

5 மார்ச்

135-இல் ரெப்ளிகேஷன் நடப்பதில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பில் "டாக்டர் இந்த அறையில் இருக்கிறார்" என்று சொல்லி அனுப்புவதுபோல, உண்மையான வேலை எந்த போர்ட்டில் என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அந்த எண் சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போது மாறலாம். போர்ட்டுகளைச் சோதிக்கும் போர்ட்க்வெரி கருவியில் 135-ஐக் கேட்டுப் பார்த்தேன், 49 ஆயிரத்துச் சொச்சத்தில் ஓர் எண் வந்தது. ஃபயர்வால் விதியிலோ 1025 முதல் 5000 வரைதான் இருக்கிறது. அது சர்வர் 2003 காலத்து வரம்பு. 2008-இலிருந்து 49152–65535. பழைய விதிப் பட்டியலை அப்படியே புதுக் கிளைக்கும் நகலெடுத்திருக்கிறார்கள்.

6 மார்ச்

முழு வரம்பையும் திறக்கச் சொன்னால் 16,384 போர்ட்டுகள். பாதுகாப்புக் குழு மறுத்துவிட்டது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஒரு கிளைக்காக அவ்வளவு பெரிய வாசலைத் திறந்து வைக்கக் கூடாது. போர்ட்டை நிலையாக வைத்துவிட்டால் அவர்கள் பாடும் எளிது, நம் பாடும் எளிது.

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் இடம்) என்டிடிஎஸ் பாராமீட்டர்ஸின் கீழ் 'டிசிபி/ஐபி போர்ட்' என்ற டிவேர்டில் (எண் மதிப்பில்) ரெப்ளிகேஷனுக்கு 50000. உள்நுழைவைச் சரிபார்க்கும் நெட்லாகன் சர்வீஸுக்கு 'டிசிடிசிபிஐபிபோர்ட்', 50001. எண்ணை அடிக்கும்போது டெசிமல் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட் ஹெக்ஸாடெசிமலில் (16-அடிமான எண்ணில்) தான் திறக்கும், அதில் 50000 என்று அடித்தால் 3,27,680 ஆகிவிடும். அப்படியொரு போர்ட்டே கிடையாது. கிளை சர்வரில் மட்டும் செய்தால் போதாது, அது பேசும் தலைமை அலுவலக சர்வரிலும் இதே மாற்றம் வேண்டும்.

9 மார்ச்

சனிக்கிழமை என்பதால் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்ய முடிந்தது. தலைமை அலுவலகத்தில் மாற்றிய பாஸ்வேர்டு கிளைக்கு வந்துவிட்டது. கிளையில் உருவாக்கிய கணக்கு மட்டும் இங்கே வரவில்லை. காரணம் ஒன்றுதான். ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைன் கன்ட்ரோலர்கள் வைத்திருக்கும் கணக்குத் தரவுத்தளம்) மாற்றம் வேண்டிய சர்வர்தான் போய் இழுத்துக்கொள்ளும். புது விதி கிளையிலிருந்து இங்கே வர மட்டும் அனுமதிக்கிறது, இங்கிருந்து அங்கே போக விடவில்லை. எதிர்த் திசைக்கும் கேட்டிருக்கிறேன்.

11 மார்ச்

இரு திசையும் ஓடுகிறது. ஆனால் குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக வைக்கும் அமைப்புகள்) கிளைக்குப் போகவில்லை. அது இருக்கும் சிஸ்வால் ஃபோல்டரின் கோப்புகளைக் கொண்டுபோவது டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன். அது தனி சர்வீஸ், போர்ட்டும் தனி. டிஎஃப்எஸ்ஆர்டயாக் கட்டளையின் ஸ்டாட்டிக்ஆர்பிசி (போர்ட்டை நிலையாக்கும் தேர்வு) மூலம் இரு சர்வரிலும் 50002 கொடுத்து, சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தேன். ஃபயர்வாலிலும் அதைச் சேர்த்தார்கள். ஈவென்ட் லாகில் 5008 (தொடர்பு தோல்வி) நின்று 5004 வந்தது, இணைப்பு கிடைத்துவிட்டது.

12 மார்ச்

ஃபயர்வால் குழுவுக்கு இறுதிப் பட்டியல் அனுப்பினேன்: 53, 88, 135, 389, 445, 3268, நேரத்துக்கு யுடிபி 123, அப்புறம் நம் 50000, 50001, 50002. நேரத்தைச் சின்ன விஷயமென்று விட்டுவிடக் கூடாது. கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் மறுத்துவிடும். ஒவ்வொரு விதியிலும் எதற்கு, எந்தத் திசை என்று குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறேன். 1025–5000 விதியை எடுத்துவிட ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த கிளைக்கான சர்வர் இப்போதே தயாராகிப் பெட்டியில் இருக்கிறது. இங்கே டூம்ப்ஸ்டோன் காலம் (நீக்கிய கணக்கின் அடையாளத்தை வைத்திருக்கும் காலம்) 180 நாள். அதற்கு மேல் தொடர்பில்லாமல் கிடந்தால் மற்ற சர்வர்கள் அதனோடு ரெப்ளிகேட் செய்யாது, புதிதாகத்தான் கட்ட வேண்டியிருக்கும். அந்தக் கிளையின் ஃபயர்வால் கோரிக்கையை இன்றே போட்டாயிற்று.