சொல்லச் சொல்ல எழுதியவர்

கலெக்டர் ஆபீஸ் எதிரில் பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனு நாள் என்றால் காலை எட்டு மணிக்கே மெஷின் சூடாகிவிடும். மாற்றுத்திறனாளி அட்டை, மருத்துவச் சான்று, ஆதார் என்று எத்தனையோ பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கை, கால், கண், காது, மனவளர்ச்சி, இவ்வளவுதான் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வரும் என்று நினைத்திருந்தேன். என் மகனும் அதில் வருவான் என்று அவன் ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறவரை எனக்குத் தெரியாது.

அவனுக்கு எல்லாம் வாயில் இருக்கும், பேப்பரில் ஒன்றும் இருக்காது. ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்று கேட்டால் கையை ஆட்டி ஆட்டி விளக்குவான். எழுதச் சொன்னால் ‘கொடி’ என்பது ‘கெடி’ ஆகிவிடும். கொம்பு போட்டு, எழுத்தைப் போட்டு, பின்னால் காலும் போட வேண்டுமே, அந்தக் காலுக்கு வருவதற்குள் அவன் அடுத்த எழுத்துக்குத் தாவியிருப்பான். ந, ன, ண மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். "சோம்பேறித்தனம்தாம்மா, டியூஷன் வைங்க" என்றார்கள் பள்ளியில். டியூஷனும் வைத்தேன், அடித்தும் பார்த்தேன். அடித்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் ஒருவர் ஏதோ பதிவேடு நகல் எடுக்கக் கடைக்கு வருவார். 2023 மே மாதம் ஒரு நாள், மேஜையில் கிடந்த அவன் நோட்டைப் புரட்டிவிட்டு, "இது யார் எழுதினது?" என்றார். சொன்னேன். பத்து நிமிடம் அவனை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார். அப்புறம் என்னிடம், "அக்கா, 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு. கற்றல் குறைபாடும் அதுல ஒண்ணு. நீங்க பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

அன்று ராத்திரி சட்டத்தை இறக்கி என் மெஷினிலேயே பிரிண்ட் போட்டேன். கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்றபடி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது 16ஆவது பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு எல்லாம் 17இல் இருக்கிறது. ஒன்பது வருடமாக நான் கேள்விப்பட்டது ‘சோம்பேறி’ என்ற ஒரு சொல்தான். கோபம் வந்தது. தூக்கம் வரவில்லை.

முதல் தப்பு நான் செய்தது. அரசு ஆஸ்பத்திரியில் கூட்டமாக இருக்கும் என்று தனியாரிடம் போய் நாலாயிரம் கொடுத்து அறிக்கை வாங்கினேன். பள்ளியில் அதைப் பார்த்துவிட்டு, "அரசு டாக்டர் கையெழுத்து வேணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சரி, மறுபடி முதலிலிருந்து. அரசு ஆஸ்பத்திரியில் மூன்று முறை அலைந்தோம். ஒரு நாள் அறிவுத்திறன் சோதனை. இன்னொரு நாள் வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது. இரண்டாம் முறை உளவியலாளர் விடுப்பு, அதைச் சொல்ல ஆளில்லாமல் மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு என் கடைக் கம்ப்யூட்டரிலேயே பதிந்தேன். ஊருக்கெல்லாம் பதிந்து கொடுத்த கைதான், அன்றைக்கு அவன் பெயரை அடிக்கும்போது இரண்டு தடவை தப்பாக விழுந்தது.

சான்று வருவதற்கு முன்பே பள்ளி அலுவலகத்தில் ஒருவர், "குறைபாடு நாற்பது பர்சன்ட் இருந்தாத்தான் இந்தச் சலுகை எல்லாம்" என்றார். இதை நம்பித் திரும்பிப் போகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 18 வயது வரை இலவசக் கல்வி பற்றிய 31ஆவது பிரிவு மாதிரி சிலவற்றில்தான் நாற்பது சதவீதக் கணக்கு வருகிறது. 16, 17இல் அது இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் யுபிஎஸ்சி தேர்வுக்கு எழுத ஆள் கேட்ட வழக்கில், நாற்பதுக்குக் கீழே என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துப் போய் நீட்டினேன். அவர் படிக்கவில்லை. ஆனால், "ஹெச்.எம்.மைப் பாருங்க" என்று உள்ளே அனுப்பிவிட்டார்.

தலைமை ஆசிரியர் நல்லவர், ஆனால் இதுவரை யாருக்கும் இப்படி அனுப்பியதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்காக நானே மனு எழுதிக்கொடுத்தேன். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், இந்த இரண்டும் கேட்டேன். நகலில் ‘பெறப்பட்டது’ என்று தேதி போட்டு சீல் வாங்கிக்கொண்டேன். வாயால் கேட்டதற்கு எந்த ஆபீசிலும் நாள் கணக்குக் கிடையாது, இதைக் கடை வாசலில் தினம் பார்க்கிறேன். மனு பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். டிசம்பரில் பெயர்ப்பட்டியல் தயாராகும் சமயத்தில் விசாரித்தால் பள்ளி பீரோவிலேயே கிடந்தது! சீல் போட்ட நகலைக் காட்டிய பிறகு அன்று சாயங்காலமே கிளம்பியது. உத்தரவு பிப்ரவரியில் வந்தது. ஆங்கிலத்துக்கு விலக்கு கேட்கலாமா என்று ஆசிரியர் கேட்டதற்கு அவனே, "வேணாம் சார், அதையும் எழுதுறேன்" என்றுவிட்டான்.

ஆள் கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன், அதுவும் தப்பு. சொல்லி எழுத வைப்பதற்கே தனிப் பழக்கம் வேண்டும். வீட்டில் நான் பேனா பிடித்தேன். முதல் வாரம் அவன் ரயில் மாதிரி ஓடினான், நான் பாதியைத் தவறவிட்டேன். பிறகுதான் "தலைப்பு, அடிக்கோடு, அடுத்த வரி" என்று நிறுத்திச் சொல்லப் பழகினான்.

தேர்வுக்கு முந்தின நாள் மையத்துக்கே போய் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் உத்தரவைக் காட்டினேன். காரணம் இருக்கிறது. எழுத்துக் குறைபாடு உள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் சேர வேண்டிய கூடுதல் நேரத்தை மையத்திலேயே கொடுக்காமல் விட்டார்கள். அது தவறு என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் மறுதேர்வு நடத்த உத்தரவிடவில்லை. போன நேரம் போனதுதான். இங்கேயும் அவன் பெயர் பொது அறையில்தான் இருந்தது. கண்காணிப்பாளர் உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டுத் தரைத்தளத்தில் தனி அறை ஒதுக்கினார்.

2024 ஏப்ரல், அறிவியல் தேர்வு. மற்ற பிள்ளைகள் 1.15க்கு வெளியே வந்து பைக் ஏறிப் போய்விட்டார்கள். வேப்ப மரத்தடியில் நான் மட்டும். 2.15க்கு மணி அடித்தது. முதலில் எழுதிக்கொடுத்த ஆசிரியர் வந்தார், வலது கை விரல்களை உதறிக்கொண்டே. பின்னால் இவன்.

"எப்படிடா?"

"எல்லாம் சொல்லிட்டேம்மா. சார்தான் பாவம், கை வலிக்குதாம்."