ஈரம் சாம்பிளில் இல்லை, ட்ராப்புக்குள்

மூலக்கூறுகளின் நிறையை அளந்து காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரம் எடுக்கக் கடலூரிலிருந்து புதுச்சேரி ஆய்வகத்துக்கு அலைபவர்களுக்காக இது. பணம் கட்டுவது, தேதி வாங்குவது எல்லாம் சுலபம். வினை முத்திரையில்தான். கைடு கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் இருந்தன. துறை முத்திரை இல்லையாம். படிவத்தில் அப்படியொரு கட்டமே கிடையாது. "அடுத்த வாரம் வாங்க" என்று தலைநிமிராமல் தள்ளிவிட்டார் அலுவலர்.

கரைசலாகத்தான் தர வேண்டும் என்றதும் அவர்களே. என்னுடையது செப்பு அயனியும், நைட்ரஜனால் அதைப் பிடித்துக்கொள்ளும் ஃபினாந்த்ரோலின் என்ற மூலக்கூறும் சேர்ந்த காம்ப்ளெக்ஸ், நிறம் அச்சு அசல் பிராந்தி. திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கைடு கொடுத்த கடிதம் காப்பாற்றியது. கரைத்திருப்பது மெத்தனாலில் என்று நானாக வாய் திறக்கவில்லை! வீடு சேர்வதற்குள் காற்றுப் பட்டுப் பச்சையாகிவிட்டது. பொடியாகக் கொண்டுபோய் அங்கேயே கரைக்க அனுமதி கேளுங்கள்.

அப்புறம் ஒருவழியாகக் கருவி முன் உட்கார்ந்தோம். செப்போடு இரண்டு ஃபினாந்த்ரோலின் உள்ள, நிறை 423 பீக்கை மட்டும் ட்ராப்பில் (கருவிக்குள் அயனிகளைப் பிடித்துவைக்கும் அறை) நிறுத்தி உடைத்தால், 180 நிறையுள்ள ஒன்றை இழந்து 243 வர வேண்டும். வந்தது. கூடவே 261-ம் வந்தது. "தம்பி, சாம்பிள்ல ஈரம் இருக்கு, காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்றார் ஆபரேட்டர். இன்னொரு பயணமா?

விடவில்லை. "அண்ணா, 423 தவிர எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டோமே, கரைசலின் தண்ணீர் எப்படி வரும்?" என்றேன். ட்ராப்பில் ஹீலியத்தோடு கொஞ்சம் நீராவி எப்போதும் இருக்கும். ஒரு ஃபினாந்த்ரோலினை இழந்த செப்பு அயனியில் இடம் காலி. எதிர்ப்படும் தண்ணீர் மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது, 18 கூடுகிறது. நான்கு நைட்ரஜன் சூழ்ந்த 423 அப்படிப் பிடிப்பதில்லை.

நிறுத்திவைக்கும் நேரத்தை 30 மில்லிசெகண்டிலிருந்து ஒரு செகண்ட் வரை படிப்படியாகக் கூட்டச் சொன்னேன். 243 இறங்க இறங்க 261 ஏறியது, அதாவது 243தான் ட்ராப்புக்குள் தண்ணீரைப் பிடித்து 261 ஆகிறது. செப்பின் இரண்டு அலகு கனமான வகையான 65 ஐசோடோப்பில் 425-ஐ உடைத்தபோது 245, 263 என்று எல்லாமே இரண்டு கூடி வந்தன. அவர் மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். நேரத்தைக் கூட்டிக் கூட்டி எடுத்த இந்த வரிசையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், தீசிஸில் உதவும்.

18-க்குப் பதில் 32 கூடினால் அவசரப்படாதீர்கள். மெத்தனால், ஆக்சிஜன் இரண்டுமே 32 என்பதால் சாதாரண ட்ராப்பில் ஒரே இடத்தில்தான் பீக் நிற்கும். கரைப்பானின் ஆவியும் ட்ராப்புக்குள் கசியும் என்பதால், டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) உள்ள மெத்தனாலில் கரைத்து மறுபடி எடுங்கள். மெத்தனால் என்றால் பீக் நகரும், ஆக்சிஜன் என்றால் நகராது.