பத்துக்குப் பத்து வாங்கிய ஓட்டை

2022 டிசம்பர் 22 அன்று மென்பொருள்களின் பாதுகாப்பு ஓட்டைகளை அறிவிக்கும் ஜீரோ டே இனிஷியேட்டிவ் அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே ஓடும் கேஎஸ்எம்பிடி (ksmbd) என்ற ஃபைல் சர்வரில் ஓட்டை. லாகின்கூட வேண்டாம், நெட்வொர்க் வழியாகவே கெர்னல் உரிமையோடு எதையும் ஓட்டிவிடலாம். தீவிரம் பத்துக்குப் பத்து. பாதிப் பேர் கிறிஸ்துமஸ் லீவில் இருந்தார்கள். மேலிடத்திலிருந்து வந்த முதல் கேள்வி: "எல்லா சர்வரையும் இன்றைக்கே ரீபூட் செய்துவிடலாமா?"

கொஞ்சம் பொறுங்கள், இது நம்மிடம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கலாம் என்றேன்.

ஷேரிலிருந்து, அதாவது சர்வர் பகிரும் ஃபோல்டரிலிருந்து, விலகும் கிளையன்ட் கணினி அனுப்புகிற ட்ரீ டிஸ்கனெக்ட் கட்டளையைக் கையாளும் இடத்தில்தான் கோளாறு. விடுவித்த நினைவகத்தையே கெர்னல் மறுபடி தொடுகிறது. காலி செய்த வீட்டுக்குள் பழைய சாவியைப் போட்டு நுழைவது மாதிரி. அதற்குள் அங்கே யார் குடிவந்தார்கள் என்று தெரியாது.

கேஎஸ்எம்பிடி கெர்னலில் சேர்ந்ததே 5.15 பதிப்பில்தான். ஆகவே 4.18, 5.4 என்று பழைய கெர்னலில் ஓடிய நம் சர்வர்கள் எல்லாம் பட்டியலிலிருந்து போயின. மிச்சத்தில் பெரும்பாலானவற்றில் ஃபைல் சர்வர் வேலையைச் செய்தது சாம்பா. அது கெர்னலுக்கு வெளியே ஓடும் வேறு மென்பொருள்.

உபுண்டு 22.04 சர்வர்கள்தான் குழப்பின. எத்தனை பேட்ச் போட்டாலும் அங்கே கெர்னல் பதிப்பைக் காட்டும் யூநேம் கட்டளையின் பதில் 5.15.0 என்றுதான் ஆரம்பிக்கும். அதை வைத்தே ஓட்டை தேடும் நம் ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் சிவப்பு அடித்துவிட்டது. ப்ராக் (/proc) அடைவில் வெர்ஷன் சிக்னேச்சர் (version_signature) என்றொரு கோப்பு இருக்கிறது. அதன் கடைசியில் மூலக் கெர்னலின் உண்மையான எண் வரும். 5.15.61 அல்லது அதற்கு மேல் என்றால் சரி. திருத்தம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது.

உண்மையில் மாட்டியது ஒன்றே ஒன்று: டெஸ்டிங் டீம் தாங்களே கெர்னல் கம்பைல் செய்து வைத்திருந்த சேமிப்புப் பெட்டி. முழு உரிமையுள்ள ரூட் கணக்கில் நுழைந்து எந்தெந்த போர்ட், அதாவது நெட்வொர்க் வாசல், திறந்திருக்கிறது என்று பார்த்தேன். ஃபைல் பகிர்வுக்கான 445 திறந்திருந்தது, ஆனால் பிராசஸ் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. சாம்பாவாக இருந்தால் எஸ்எம்பிடி என்று காட்டியிருக்கும். கேட்பது கெர்னலே என்பதால் பெயரில்லை. கெர்னலில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (துணைப் பகுதிகளை) பட்டியலிடும் எல்எஸ்மாடும் (lsmod) அதையே சொன்னது.

முதலில் ஃபயர்வாலில் 445-ஐ அடைத்தேன். அப்புறம் கேஎஸ்எம்பிடி கன்ட்ரோல் கட்டளை வழியாகச் சேவையை நிறுத்தி, மாட்யூலைக் கழற்றினேன். மாட்யூல் தானாக ஏறுவதைத் தடுக்கும் பிளாக்லிஸ்ட் மட்டும் போட்டால் போதாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மாட்யூல் மறுபடி ஏறிவிடும். மாட்யூலை ஏற்றுவதற்குப் பதிலாக எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று சொல்லும் இன்ஸ்டால் விதியில், எப்போதும் தோல்வி என்றே பதில் தரும் ஃபால்ஸைக் (/bin/false) கொடுத்தால்தான் அது நிற்கும்.

"சாம்பாவைவிட வேகம் சார்" என்று டெஸ்டிங் தம்பி கொஞ்சம் முறுக்கினார். வேகம்தான், மறுக்கவில்லை. புதிய கெர்னலில் பெட்டியை ஏற்றி, ஷேர்களை சாம்பாவுக்கு மாற்றி, டெஸ்டிங் பிரிவுக்கு மட்டும் 445-ஐத் திறந்துவிட்டோம். மற்ற சர்வர்கள் ஜனவரியில் வழக்கமான பேட்ச் நாளில் ரீபூட் ஆயின.