அழித்து எழுதும் பலகை

எங்கள் மையத்துக்கு வந்த முதல் இரண்டு வாரங்களில் அந்தச் சிறுமி ஒரு கணக்கைக்கூட முடிக்கவில்லை. அவளுக்குக் கணக்கு நன்றாகவே வரும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது ஓர் எண் பிசகிவிட்டது என்று தெரிந்த கணமே தாளைக் கிழித்துக் கசக்கிவிடுவாள். அதன்பின் அன்றைக்கு யாரோடும் பேச மாட்டாள். நோட்டு மெலிந்து மெலிந்து கடைசியில் அட்டை மட்டும் மிஞ்சிய நாளில், மடியில் வைத்து எழுதக்கூடிய சிறிய வெள்ளைப் பலகை ஒன்றையும் மார்க்கரையும் ஒரு துணித் துண்டையும் அவள் மேசையில் வைத்துவிட்டு, நான் ஜன்னல் பக்கம் போய் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை என் கண்ணில் படுவதற்கு முன்பே தானே துடைத்துவிடலாம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்று 11 பின்னக் கணக்குகள் போட்டாள். (அடையாளம் தெரியாதிருக்க, இந்தப் பதிவில் வரும் பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

14 ஆண்டுகள் வழக்கமான பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்துவிட்டு, அத்தகைய பள்ளி ஒத்துவராத பிள்ளைகளுக்கான இந்தச் சிறிய மையத்துக்கு வந்து இப்போது ஆறாவது ஆண்டு நடக்கிறது. உளச்சிகிச்சையோடு இணைந்த மாற்றுக் கல்வி என்று சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள்: பாடமே இல்லாமல் நாள் முழுதும் வண்ணம் தீட்டும் இடம், அல்லது அடங்காத பிள்ளைகளை அடக்கி அனுப்பும் இடம். இரண்டாவது கற்பனையை மறுப்பது எளிது. முதலாவதுதான் எனக்குக் கவலை தருகிறது; ஏனென்றால் அதை நம்புகிறவர்கள் எங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள்.

பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைக்குப் பலரும் பல பெயர் சூட்டியிருக்கிறார்கள். 1941-இல் அமெரிக்க மனநல மருத்துவர் அடிலெய்ட் ஜான்சனும் அவருடைய சகாக்களும் இதைப் ‘பள்ளி அச்சம்’ என்று அழைத்து, அதன் வேரைத் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான பிரிவுப் பதற்றத்தில் தேடினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1990-இல், உளவியலாளர்கள் கிறிஸ்டபர் கியர்னியும் வெண்டி சில்வர்மனும் கேள்வியையே மாற்றினார்கள்: போகாமல் இருப்பதால் இந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? பள்ளியில் காரணம் சொல்லத் தெரியாத ஒரு கலக்கத்திலிருந்து தப்பிக்கலாம். தேர்வு, கேலி போன்றவற்றிலிருந்து விலகலாம். பெற்றோரின் அருகாமை கிடைக்கலாம். அல்லது வெளியே அதைவிட இன்பமான ஏதோ ஒன்று இருக்கலாம். காலையில் வரும் வயிற்றுவலி நால்வருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கேலிக்கு அஞ்சுகிறவனுக்குச் செய்ய வேண்டியதை, நோயுற்ற அம்மாவைத் தனியே விட்டு வர மனமில்லாதவனுக்குச் செய்தால் வீண்.

நான் பள்ளியில் இருந்த காலத்தில் எனக்கு இந்தக் கேள்வி தெரியாது. கடைசி வரிசையில் ஒரு பையன் இருந்தான். வாசிக்கச் சொல்லும் நேரம் நெருங்கும்போதெல்லாம் பக்கத்திலிருப்பவனைச் சீண்டி வகுப்பைவிட்டு வெளியேற்றப்படுவான், வெளியேற்றியவன் நான்தான். எழுத்துகள் அவனுக்குக் கூடி வருவதில்லை என்பது பல மாதங்கள் கழித்தே தெரிந்தது. கெட்டவன் என்ற பெயர் அவனுக்கு மக்கு என்ற பெயரைவிட இலேசாக இருந்திருக்கிறது. அவன் நடத்திய நாடகத்தில் என் பங்கை நான் தவறாமல் நடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இத்தகைய இடங்கள் எப்படி இயங்குகின்றன என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, 1969-இல் கிழக்கு லண்டனில் கல்வி உளவியலாளர் மார்ஜரி பாக்சால் தொடங்கிய பேணல் குழுக்கள். பத்துப் பன்னிரண்டு குழந்தைகள், மாறாத இரண்டு பெரியவர்கள், வீடும் வகுப்பும் கலந்தாற்போன்ற ஓர் அறை. எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து உண்பதும் அங்கே நேர அட்டவணையின் பகுதி. அந்தக் குழந்தைகளின் பெயர் வழக்கமான வகுப்பின் பதிவேட்டிலிருந்து நீக்கப்படவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இந்த முறையின் உயிர், எதுவும் திடீரென்று நடக்காமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. காலையில் வாசலில் நிற்பவர் நேற்று நின்றவராகவே இருக்க வேண்டும். நாளை வர முடியாதென்றால் அதை இன்றே சொல்லிவிட வேண்டும். எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து விறைத்திருக்கும் மனத்துக்குள் பின்னமோ இலக்கணமோ நுழையாது என்பதால், அறிவிக்கப்படாத ஒரு சிறு மாற்றம்கூட எங்களுக்கு ஒரு வாரப் பாடத்தைப் பறித்துவிடும்.

அப்படியும் வெடிக்கத்தான் செய்யும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1946 முதல் 1948 வரை உளப்பகுப்பாய்வாளர் ஃபிரிட்ஸ் ரெடலும் சமூகப் பணியாளர் டேவிட் வைன்மனும் மிகுந்த ஆவேசம் கொண்ட சில சிறுவர்களுக்காக ஒரு சிறு இல்லத்தை நடத்தி, பணமில்லாமல் மூடினார்கள். (பணமில்லாமல் மூடுவது எங்கள் துறையின் நீண்ட மரபு.) ரெடல் விட்டுச்சென்ற ஒரு பழக்கத்தை நாங்கள் நாள்தோறும் பின்பற்றுகிறோம். சண்டையோ அழுகையோ நடந்தால், வாரக்கடைசியில் ஆலோசகரின் அறையில் பேசலாம் என்று ஒத்திப்போடாமல், நடந்த இடத்திலேயே, சூடு சற்றுத் தணிந்ததும், அங்கே உடனிருந்தவரே பேசுவது. கதவை உதைத்து அதன் கீழ்ப்பலகையைப் பிளந்த ஒரு பையனோடு நடைபாதைத் தரையில் நாற்பது நிமிடம் அமர்ந்திருந்தேன். முதல் முப்பது நிமிடம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன், மரத் துகளை விரலால் தள்ளியபடியே, “பேர் கூப்பிட்டீங்க” என்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பின்தான் முன்பெல்லாம் அவனுக்கு அடி விழுந்திருக்கிறது. மறுநாள் இருவருமாகக் கதவைச் சரிசெய்தோம். பலகையின் நீளத்தை அவன்தான் அளந்தான், மில்லிமீட்டர் கணக்கில்.

அந்த அளவெடுப்பைத்தான் நான் பாடம் என்கிறேன். ‘முதலில் மனம் ஆறட்டும், படிப்பு பிறகு’ என்று அன்போடு சொல்லும் மையங்களைப் பார்த்திருக்கிறேன்; அங்கே இரண்டு ஆண்டுகள் இருந்த பிள்ளை அமைதியாக வெளியே வருகிறது, ஆனால் சகவயதினரைவிட இரண்டு ஆண்டு பின்தங்கி, தன்னால் முடியாது என்ற பழைய சந்தேகத்துக்குப் புதிய சான்றோடு வருகிறது. ஓய்வு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பள்ளி மறுப்பு எந்தப் பிள்ளைக்கும் நேரக்கூடியது என்று ஜப்பானின் கல்வி அமைச்சகம் 1992-லேயே ஏற்றுக்கொண்டது. 2016-இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம் அத்தகைய மாணவருக்கு ஓய்வு தேவைப்படலாம் என்பதைக் குறிப்பிட்டு, பள்ளிக்கு வெளியே நடக்கும் கற்றலின் முக்கியத்துவத்தையும் சேர்த்தே பேசுகிறது. அந்தச் சேர்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது. தோல்வி வகுப்பறையில் கற்றுக்கொண்டது என்றால், அதை மறக்கவும் ஒரு வகுப்பறை வேண்டும். மேசையும் பிழையும் திருத்தமும் உள்ள வகுப்பறை, அவமானம் மட்டும் இல்லாதது.

திரும்பிப் போவதில்தான் நாங்கள் அதிகம் சறுக்குகிறோம். கதவைச் சரிசெய்த பையன் பழைய பள்ளிக்குத் திரும்பி மூன்றே வாரத்தில் நின்றுவிட்டான். இங்கே அவனுக்குத் தயாரிப்பு எல்லாம் செய்த நாங்கள், அங்கே அவனுக்காக யார் காத்திருப்பார் என்று கேட்க மறந்திருந்தோம். இரண்டாம் முறை, வாரத்துக்கு இரு நாள், ஒரு பாடவேளை மட்டும், அதுவும் தச்சு வகுப்பு என்று தொடங்கினோம். அந்தப் பள்ளியின் நூலகர் அந்த இரு நாளும் வாசலில் நிற்க ஒப்புக்கொண்டார். தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், கையசைத்தால் போதும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.