பண்டிதர் சேரின் கொப்பி

எங்கள் ஆசிரியர் பண்டிதர் சேர் காலமாகிவிட்டார் என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது ஒட்டாவாவில் காலை ஏழரை மணி. வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவன், மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்தபடியே படியில் இருந்துவிட்டேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

அவருடைய முழுப் பெயரும் பட்டங்களும் இந்த மலரின் அஞ்சலிப் பக்கத்தில் இருக்கின்றன. நாங்கள் கூப்பிட்டபடி பண்டிதர் சேர் என்றே நான் எழுதுகிறேன். மலர்க்குழு என்னிடம் கேட்டது வேறொரு கட்டுரை. கனடிய அரசின் சட்டத்தரணியாக இருபது வருடத்துக்கு மேல் பதிப்புரிமைச் சட்டத்தோடு பழகிய அனுபவத்தை, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் விளங்கும்படி எழுதச் சொன்னார்கள். தொடங்கினேன். இரண்டாம் பந்தியிலேயே சேர் வந்துவிட்டார். அப்புறம் அவரை விலக்கி எழுத என்னால் முடியவில்லை.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு சொல்லை மாற்ற அரசு நினைத்தாலும், அது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளோடும் கனடா ஏற்றுக்கொண்ட உடன்படிக்கைகளோடும் பொருந்துமா என்று எங்களிடம் கேட்பார்கள். ஆலோசனை எழுதிக் கொடுப்போம். என்ன எழுதினோம் என்று வெளியே பேச முடியாது. ஆகவே இங்கே நான் சொல்வதெல்லாம் எவரும் எடுத்து வாசிக்கக்கூடிய சட்டமும் தீர்ப்பும்தான். இந்த நாட்டுச் சட்டம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மதிப்பு. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து வரி வரியாகப் பார்ப்பதில்தான் என் நாளின் பெரும்பகுதி போகும். முதற் கிழமையில் தலைப்பைத் தாண்டவே எனக்கு நேரம் எடுத்தது. ஆங்கிலத்தில் கொப்பிறைட், அதாவது பிரதி எடுக்கும் உரிமை. பிரெஞ்சில் துருவா தோத்தர், ஆக்கியவரின் உரிமை. ஒரே சட்டம்தான். ஒரு பெயர் கொப்பியைப் பார்க்கிறது, மற்றது ஆளைப் பார்க்கிறது.

எங்களுக்குக் கொப்பி என்றால் எழுதுகிற கொப்பிதானே.

1991இல் நான் யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பு. போரால் மின்சாரம் போய் ஒரு வருடமாகியிருந்தது. பத்திரிகைகூடக் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்த காலம். பாடப் புத்தகம் வகுப்புக்கு நாலைந்து இருந்தால் பெரிய காரியம். றோனியோ மெசினுக்கு மையும் இல்லை, ஸ்ரென்சிலும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் இருந்து பார்த்துப் பார்த்து எழுதினோம். வரலாறு, விஞ்ஞானம், போன வருட வினாத்தாள் எல்லாம் அப்படித்தான் கைமாறின. அதை ஒரு ஒழுங்காகச் செய்ய வைத்தவர் பண்டிதர் சேர். பின்னேரங்களில் அவர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் பத்துப் பேர் எழுதுவோம். "ஒரு பிரதியில மட்டும் இருக்கிறது இல்லாததுக்குச் சமன்" என்பார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதற்கு அடுத்த நாள் காலையில் வாசலில் போய் நின்றவர் அவர். அதற்கு மேல் அவர் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

எழுதி முடித்ததும் கடைசியில் மூன்று வரி எழுத வேண்டும். ஆக்கியோன் பெயர், பார்த்து எழுதியவர் பெயர், நாள். பழைய ஏட்டுச் சுவடிகளில் எழுதினவர்கள் அப்படித்தான் முடித்திருக்கிறார்கள் என்று சொல்லித் தந்தார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் கதையும் அந்த விறாந்தையில் கேட்டதுதான். 1832இல் எங்கள் மண்ணில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவராகி, வக்கீலாகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்துகொண்டே, கட்டை அவிழ்த்தால் உதிர்கிற ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து அச்சேற்றியவர். 1887இல் கலித்தொகை. "பகல் வழக்குப் பாத்தவர், இரவு ஏடு பாத்தவர்" என்று சேர் சொன்னபோதுதான், சட்டம் படிக்கலாம் என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்தது.

சேர் நன்னூலுக்குத் தானே ஒரு விளக்கக் குறிப்பு எழுதியிருந்தார். உதாரணம் முழுவதும் எங்கள் முற்றத்தில் இருந்து எடுத்தது. பனை என்ற சொல்லுக்கென்றே நன்னூலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. அந்தப் பாடம் நடந்த நாள் சேர் மடியில் இருந்து பனையோலையில் சுற்றிய பனாட்டு, அதாவது காயவைத்த பனம்பழக் களி, ஒரு துண்டை எடுத்தார். பேனைக்கத்தியால் வெட்டி ஆளுக்கு ஒரு விரல் அகலம் தந்தார். "வாயில போடும். மென்று கொண்டு சொல்லும். பனையும் அட்டும் சேர்ந்தா என்ன?" ஐ கெட்டது, அ நீண்டது, பனாட்டு ஆயிற்று. பல்லில் ஒட்டின அந்தப் புளிப்போடு படித்த சூத்திரம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் குறிப்பைத்தான் நாங்கள் தவணைக்கு ஒரு கொப்பியாகப் பார்த்து எழுதினோம்.

இனி, இதுவரை எங்கும் எழுதாததை எழுதுகிறேன். என் வகுப்பு நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

தமிழ் மன்றத்தின் கையெழுத்துச் சஞ்சிகையை அந்த வருடம் எழுதும் பொறுப்பு எனக்கு. பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில், ஒரே ஒரு பிரதி. என் கையெழுத்து வடிவானது. ஆனால் சொந்தமாக ஒரு வரி எனக்கு வராது. எட்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன் கவிதை ஒன்று தந்திருந்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்கிற கவிதை.

கை ஓய்ந்தால்
ஊர் ஓய்ந்துவிடும்,
சுற்றடா தம்பி

என்று முடியும். அதை எழுதி முடித்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமைதான். கீழே என் பெயரை எழுதினேன்.

வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனை முடிந்ததும் சேர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். சஞ்சிகையைத் தந்து அந்தக் கவிதையை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மண்டபம் முழுவதும் கை தட்டியது. தட்டி ஓய்ந்த பிறகு, "ஆர் எழுதினது?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. கோபம் வந்தால் சேருக்குக் குரல் இறங்கும். "இறங்கிப் போய் அவரிட்டப் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாரும்" என்றார்.

ஆறு படி இறங்கி, உயர்தர வகுப்பு அண்ணைமாரைத் தாண்டி, எட்டாம் வகுப்பு வரிசை வரை நடந்தேன். அவனுடைய முழுப் பெயர் எனக்குத் தெரியாது. அதுதான் எல்லாவற்றிலும் மோசம். கவிதை மனப்பாடம், பெயர் தெரியாது. "முதலெழுத்து என்ன?" என்று கேட்டேன். அவன் மெதுவாகச் சொன்னான். சஞ்சிகையை இடது கையில் பிடித்துக்கொண்டு என் பெயரை வெட்டிவிட்டு, அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். கை நடுங்கி மை கசிந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக அசிங்கமான வரி அதுதான்.

அன்று பின்னேரம் சேர் வீட்டுப் பக்கம் போகவில்லை. இருட்டுகிற நேரம் அவருடைய சின்ன மகள் எங்கள் படலையில் வந்து நின்று, "அண்ணா, அப்பா உங்களை வரட்டாம்" என்றாள். போனேன். என்னுடைய பாய் விரித்தபடி இருந்தது. குறிப்பின் அடுத்த பாடத்தை எடுத்து வைத்தார். "பாத்து எழுதும். நூறு தரம் எண்டாலும் எழுதும். பேரை மட்டும் விழுங்காதையும்." அவ்வளவுதான். பிறகு ஒருநாளும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

ரொறன்ரோவில் இருக்கிறவர்கள் ஈற்றன் சென்ரரில் கூரையில் இருந்து இறங்குகிற மாதிரித் தொங்கும் அறுபது வாத்துகளைப் பார்த்திருப்பீர்கள். மைக்கல் ஸ்நோ செய்தது. நத்தாருக்காக அவற்றின் கழுத்தில் சிவப்பு நாடா கட்டினார்கள். சிற்பி வழக்குப் போட்டார். விற்றாகிவிட்டது, பணமும் வாங்கியாகிவிட்டது, ஆனாலும் அது அவருடைய படைப்பு என்று 1982இல் நீதிமன்றம் நாடாவை அவிழ்க்கச் சொன்னது. இந்தத் தார்மீக உரிமையில் பெயரும் ஒரு பகுதி. தன் படைப்போடு தன் பெயர் நிற்க வேண்டும் என்று கேட்கிற உரிமை. கனடாச் சட்டப்படி அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கத்தான் முடியும். சட்டக் கல்லூரியில் அந்தப் பிரிவை வாசித்தபோது எங்கள் மண்டபத்தின் ஆறு படியும் கண்ணில் வந்தன.

விறாந்தைப் பாய்க்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சட்ட நூலகம் ஒன்று சட்டத்தரணிகளுக்குத் தீர்ப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுத்ததைப் பதிப்பகங்கள் எதிர்த்த வழக்கில், நியாயமான பயன்பாடு, அதாவது படிப்பு போன்ற தேவைக்கு அனுமதி கேட்காமலே அளவோடு பிரதி எடுப்பது, வாசிப்பவரின் உரிமை என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாரோ போடுகிற பிச்சை இல்லை, உரிமை. 2012இல் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்காக எடுக்கும் சிறு பகுதிகளின் பிரதிக்கும் அதே நியாயம் பொருந்தும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை நான் கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன்.

அந்த வருட ஆடியில் ஊருக்குப் போனேன். 1993இல் கிளாலிக் கடலால் ஒரு இரவு வெளிக்கிட்டவன், பத்தொன்பது வருடம் கழித்து அதே விறாந்தையில் இருந்தேன். சேருக்குச் சலரோகத்தால் கண் மங்கத் தொடங்கியிருந்தது. 1995 ஐப்பசி (ஒக்டோபர்) முப்பதாம் திகதி, இராணுவம் நெருங்கி, எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் போனபோது அவர் ஒரு பையோடு போனவர். திரும்பி வந்தபோது அலுமாரி இல்லை, நன்னூல் குறிப்பும் இல்லை. நான் அந்தக் கொப்பிகளைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றிக் கிளாலியால் கொண்டுபோனதைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீர் ஒரு மாசம் வந்து பக்கத்தில இருந்து வாசிச்சால், நான் திருத்திச் சொல்லுவன். அச்சில போடலாம்" என்றார். அடுத்த வருடம் வருகிறேன் என்றேன்.

போகவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது. 2016 ஆனி (யூன்) 30ஆம் திகதி பார்வையற்றவர்களுக்கான மறாக்கேஷ் உடன்படிக்கையில் கனடா சேர்ந்தது. இருபதாவது நாடு. அந்த இருபதால்தான் உடன்படிக்கை மூன்று மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. பார்க்க முடியாதவர்களுக்காக ஒரு நூலைக் குரலிலும் பிறெயிலிலும் மாற்றி, நாடு விட்டு நாடு அனுப்ப வழி செய்கிற உடன்படிக்கை அது. அந்தக் கோப்பில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதே நாட்களில் என் ஆசிரியர் தன்னுடைய எழுத்தைத் தானே வாசிக்க முடியாமல் இருந்தார். அவருடைய குறிப்பு என் அலமாரியில் இருந்தது. ஒரு தொலைபேசியை எடுத்து வாசித்துக் காட்டியிருக்கலாம். சனிக்கிழமைக்கு ஒரு பாடம் என்றால் ஒரு வருடத்தில் முடிந்திருக்கும். ஊரை விட்டு வந்ததற்காக நான் பெரிதாக வருந்தியதில்லை, வராவிட்டால் இருந்திருப்பேனோ தெரியாது. ஆனால் அந்தச் சனிக்கிழமைகள் என் மனதை விட்டுப் போகவில்லை.

கவிதை எழுதிய தம்பியைப் போன மாதம் தேடிப் பிடித்தேன். கிளிநொச்சியில் இருக்கிறார். அந்த மூன்று வரியை இங்கே போட அனுமதி கேட்டேன். "போடுங்கோ அண்ணை, பேர் வேண்டாம்" என்றார். பெயர் சொல்லாமல் இருப்பதும் சட்டத்தில் ஆக்கியவரின் உரிமைதான். அதனால்தான் அது மேலே பெயரில்லாமல் நிற்கிறது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவர் மறைந்து எழுபது வருடம் வரை பதிப்புரிமை நிற்கும். ஆகவே சேரின் குறிப்பை அச்சிடவும் இணையத்தில் போடவும் அனுமதி கேட்டு அவருடைய மகளுக்குக் கடிதம் எழுதினேன். இத்தனை வருடத்தில் தமிழில் நான் எழுதிய முதல் அனுமதிக் கடிதம் அது. படலையில் வந்து நின்ற அதே பிள்ளை. "அண்ணா, அப்பாவின்ர பேரோட வந்தால் காணும்" என்று பதில் போட்டிருந்தாள்.

என்னிடம் முதலாம் தவணைக் கொப்பியும் மூன்றாம் தவணைக் கொப்பியும் இருக்கின்றன. இரண்டாம் தவணைக் கொப்பியை எழுதுகிற நேரம் நான் நெருப்புக் காய்ச்சலில் படுத்திருந்தேன். உயிரீற்றுப் புணரியலின் பின்பாதி அதில்தான் இருக்கிறது, பனாட்டுப் பாடமும் அதற்குள்தான். விறாந்தையில் என்னோடு இருந்து எழுதியவர்கள் இன்று லண்டனிலும் சிட்னியிலும் ஸ்காபரோவிலும் இருக்கிறீர்கள். பழைய சூட்கேசுகளைத் திறந்து பாருங்கள். நீல மட்டை, எண்பது பக்கக் கொப்பி. கிடைத்தால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். பாட முடிவில் இருக்கும் மூன்று வரியையும் தவறாமல் எடுங்கள். இரண்டாவது வரியில் உங்கள் பெயர் இருக்கும்.