வசந்தம் இல்லாத ஊரில் பாஸ் லூர்

மார்ச்சில் கையிலிருந்த காசையெல்லாம் போட்டு ஆறு லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) வாங்கினேன். வாங்கும்போது மண்டை முழுக்க அமெரிக்க பாஸ் மீன் வீடியோக்கள்தான். அவர்களுடைய கணக்கு தெளிவானது. குளிர் விலகித் தண்ணீர் 15, 16 பாகை செல்சியஸைத் தாண்டியதும் லார்ஜ்மவுத் பாஸ் கரையோரம் ஏறும். ஆண் மீன் வாலால் அடித்தரையைப் பெருக்கி வட்டமாகக் கூடு செய்யும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காவல் ஆணின் பொறுப்பு. கூடு கட்டும் முன் பசியோடு அலைகிறபோது ஜேர்க்பெய்ட் (வெட்டி வெட்டி இழுக்கும் மீன் வடிவ லூர்), ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்த லூர்). கூட்டில் நிற்கிறபோது மெதுவாக இழுக்கும் ரப்பர் புழு.

நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். எங்களுக்கு ஏது வசந்தம்? பிலியந்தலைப் பக்கம் பயிரிடாமல் விட்ட வயல் ஒன்று சதுப்பாகிக் கிடக்கிறது. அதன் வாய்க்காலில் சமையலறைத் தேர்மோமீற்றரை அமுக்கிப் பார்த்தேன்: 29. இங்கே நமக்குக் கிடைப்பது விரால், சிங்களத்தில் லூலா. அதற்கு வெப்பநிலை அல்ல, மழைதான் நாட்காட்டி. புதுத்தண்ணீர் புல்லுக்குள் ஏறும்போது அதுவும் ஏறும்.

ஏப்ரல் கடைசி. முதல் ஆள் ஜேர்க்பெய்ட். மூன்று முக்கொக்கி வைத்த அழகான சாமான். மூன்று முறை எறிந்தேன், மூன்று முறையும் சல்வீனியா என்ற மிதக்கும் களைதான் கீரைக்கட்டுப்போல வந்தது. நாலாவது எறிதலில் லூரே வரவில்லை. ஸ்பின்னர்பெய்ட்டின் தகட்டில் புல் சுற்றிக்கொண்டது. டெக்சாஸ் முறையில் கொக்கி முனையை உடலுக்குள் மறைத்த ரப்பர் புழு சிக்கவில்லை, ஆனால் ஈயம் போதாமல் பாசியின் மேலேயே படுத்துக் கிடந்தது. திறந்த தண்ணீருக்கு மூன்றும் நல்ல சாமான்தான். நான் போன இடம்தான் அவற்றுக்குச் சரியில்லை.

மே, முதல் பெருமழைக்குப் பிறகு. உள்ளீடற்ற ரப்பர்த் தவளை. இரட்டைக் கொக்கி முதுகோடு ஒட்டிக் கிடப்பதால் பாசிக்கு மேலே வழுக்கி வரும். மீன் வாயில் அமுங்கினால்தான் கொக்கி வெளியே தெரியும். கடையிலிருந்து வந்தபடி எறிந்தால் காற்றுக்குத் திரும்பி வருகிறது. அதனால் கொக்கி வெளிவரும் ஓட்டை வழியாக நாலு ஈயக் குண்டு உள்ளே போட்டேன். தூரம் போனது, பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து மிதந்ததும் நல்லதாய்ப் போயிற்று. கால் இழைகளில் ஒன்றைக் கொஞ்சம் கட்டையாக வெட்டினால் நேராக ஓடாமல் இடமும் வலமுமாக நெளிகிறது. ஐந்தாறு எறிதலுக்கு ஒருமுறை வயிற்றைப் பிதுக்கித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், மறந்தால் தவளை கல் மாதிரி மூழ்கும். கலங்கல் தண்ணீரில் கறுப்புத் தவளைக்கே கூடுதல் அடி (மீன் பாய்ந்து கவ்வுவது) விழுந்தது. பச்சை நம் கண்ணுக்குத்தான் அழகு.

அடி விழுந்ததும் கம்பை வெட்டி இழுக்கிற என் பழக்கத்தால் நாலு விரால் போயிற்று. வரப்பில் மூங்கில் கம்போடு உட்கார்ந்திருந்த சிங்கள அங்கிள் பார்த்துச் சிரித்தார். “மல்லி (தம்பி), முதலில் அது வாயை மூடட்டும்,” என்றார். அடுத்த அடிக்கு மனசுக்குள் இரண்டு எண்ணி, நூல் இறுகியபின் இழுத்தேன். முழங்கை நீளத்தில் ஒன்று, பாசி மூட்டையோடு வந்தது. முப்பது இறாத்தல் தாங்கும் பிரெயிட் (பின்னல்) நூல் இல்லாவிட்டால் அதுவும் நடந்திராது.

ஜூன். இதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். வாய்க்கால் முனையில் தண்ணீர் தூறல் விழுவதுபோல் பொரிந்தது. மழையோ இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் செம்மஞ்சள் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், மூச்சுக்கு மேலே வந்து போகின்றன. விரால் குஞ்சுக்கூட்டம், கீழே காவல் விரால் இருக்கும். பாஸ் கூட்டுக்குள் புழுவை இழுக்கிறவர்களின் தந்திரம் நினைவுக்கு வந்தது: மீன் பசிக்காகக் கவ்வுவதில்லை, கூட்டிலிருந்து அகற்றத்தான் கவ்வும். தவளையைக் கூட்டத்துக்கு அப்பால் எறிந்து நடுவால் இழுத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே தண்ணீர் வெடித்தது. இவ்வளவு சுலபமாக ஒரு மீனும் எனக்கு மாட்டியதில்லை.

கொக்கியைக் கழற்ற ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் குஞ்சுகள் சிதறிவிட்டன, ஓரத்தில் நின்ற திலாப்பியாக்கள் நுழைந்து சப்சப்பென்று விழுங்கத் தொடங்கின. விராலைத் திரும்ப விட்டேன். அது அதே இடத்துக்குப் போனதா, பாசிக்குள் ஒளிந்ததா தெரியவில்லை. துணை விரால் இருந்திருக்கலாம், நான் காணவில்லை. அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை, நூலைச் சுருட்டிக்கொண்டு வேறு வரப்புக்குப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

அப்புறம் சுலபமாகக் கழற்ற, கொக்கி முட்களைக் குறடால் நசுக்கிவிட்டேன். பொரிகிற தண்ணீரைக் கண்டால் இருபது அடி தள்ளி எறிகிறேன். அங்கே மீன் அடிப்பது குறைவுதான். போன ஞாயிறு விடிய ஐந்தரையிலிருந்து எட்டுவரை ஒன்றே ஒன்று, அதுவும் தவளையின் காலை மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. வெட்டிச் சரிபார்த்த கால்தான் போயிற்று. இனி மற்றதையும் கட்டையாக்க வேண்டும்.